ஹாரனின் கையெழுத்து

திரைக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவளுக்கு நன்றாகவே கேட்டது. மகன், தம்பி, டாக்டர். பதினெட்டு வருஷம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவளுக்குக் காது மந்தமாகியிருக்கும் என்று தம்பி நினைத்துவிட்டான் போல. மூக்கில் செருகிய தடித்த குழாயில் ஆக்ஸிஜன் காற்று இரைந்துகொண்டிருந்தது. அதையும் மீறி ஒவ்வொரு வார்த்தையும் வந்து விழுந்தது.

டிப்போவில் அவளுக்குப் பெயர் ஹாரன். அவள் குரல் எழுந்தால் பணிமனையின் மறுகோடியில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கும் தலையை வெளியே நீட்டுவான். அப்படிப்பட்டவளால் இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. வெறும் சளிக்காய்ச்சல் என்று மூன்று நாள் வேலைக்குப் போனாள். நேற்று மதியம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டாள். எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் முழுக்க வெள்ளை. வலதிலும் பாதி. கடுமையான நிமோனியா என்றார்கள்.

"ஸ்டீராய்டு மட்டும் வேணாம் டாக்டர்," என்றான் தம்பி. "என் மாமனாருக்கு மூட்டுவலிக்கு அதைப் போட்டுப் போட்டு முகமே ஊதிப்போச்சு. அக்காவுக்குச் சர்க்கரை வேற. அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமாமே, குறைச்சா கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடாதா?"

"மாமா சொல்றதும் சரிதானே," என்று மகன் இழுத்தான். "இன்னொரு டாக்டரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றோமே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட மூச்சில்லை. கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினாள். ஒரு முறை இல்லை, திரை விலகும்வரை தட்டினாள்.

"என்கிட்ட… சொல்லுங்க," என்றாள் டாக்டரிடம்.

டாக்டருக்கு மகனின் வயதுதான் இருக்கும். கண்ணுக்கடியில் கருவளையம். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். "கிருமியைக் கொல்ற மருந்து நேத்தே ஏத்த ஆரம்பிச்சாச்சும்மா. அது அதோட வேலையைச் செய்யும். இப்ப தொந்தரவு என்னன்னா, கிருமியை அடிக்கக் கிளம்பின உங்க உடம்பு, எது கிருமி எது நுரையீரல்னு பார்க்காம அடிக்குது. அந்த வீக்கத்துல தண்ணி கோத்துக்கிட்டு மூச்சுக்கு இடமில்லாம போகுது. ஸ்டீராய்டு அதைக் கொஞ்சம் அடக்கும்."

அடக்கும். அந்த வார்த்தைதான் சுருக்கென்றது. அடங்கு என்று அவளிடம் சொல்லாதவர் யார்? கட்டியவன் சொன்னான், விட்டுவிட்டும் போனான். பொம்பளைக்கு எதுக்கு ஹெவி லைசென்ஸ் என்று கேட்ட அதிகாரியும் அதைத்தான் சொன்னார். அடங்கியிருந்தால் இந்த மகனை யார் படிக்க வைத்திருப்பார்கள்? இப்போது நுரையீரலும் அடங்க வேண்டுமாம். ஆனால் கோபத்தில் கண்மண் தெரியாமல் அடிப்பது என்றால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியாததில்லை.

"போடலைன்னா?"

"தொண்டைக்குள்ள குழாய் விட்டு மெஷின்ல வைக்க வேண்டி வரலாம். போட்டாலும் வரலாம். இவ்வளவு தீவிரமா இருக்கறவங்களுக்கு சீக்கிரமே போட்டா, பிழைக்கறவங்க எண்ணிக்கை கூடுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. எல்லா ஆராய்ச்சியும் அப்படிச் சொல்லல. சர்க்கரை ஏறும், இன்சுலின் போடுவோம். ஆனா நாளைக்குன்னு தள்ளிப்போட்டா பலன் குறையும். உறுதி தர என்னால முடியாதும்மா."

உறுதி தர முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. "போடுங்க."

"அக்கா, அவசரப்படாத. நாங்க கலந்து பேசிட்டு…"

"நுரையீரல்… யாருது?"

மகன் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினான். ஊசி குத்திய கையாலேயே போட்டாள். கையெழுத்து கோணலாக, தாளின் கோட்டைத் தாண்டிப் போயிற்று. பரவாயில்லை, அவளுடையதுதான்.

மருந்து ஏறியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் இன்னும் மோசமானது. குழாய் விடும் டிராலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தம்பி மகனைப் பார்த்தான், மகன் தரையைப் பார்த்தான். குப்புறப் படுத்தால் ஆக்ஸிஜன் கொஞ்சம் ஏறலாம் என்றார்கள். படுத்தாள். கழுத்து ஒடிந்துவிடும் போல வலித்தது. டிராலியின் சக்கரங்கள்தான் கண்ணெதிரே இருந்தன. உன்னை இங்கிருந்து நகர்த்தாமல் விடுவதில்லை என்று அவற்றைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் மூச்சை இழுத்தாள். சர்க்கரை முந்நூற்றைம்பதைத் தாண்டி, ஊசி மேல் ஊசி. அகோரப் பசி வேறு. கஞ்சி ஆறிப்போயிருக்கிறது என்று டம்ளரைத் தட்டியே நர்ஸோடு ஒரு சண்டை, தலையணை சரியில்லை என்று மகனோடு ஒன்று.

"இந்த மருந்துல எரிச்சல் வர்றது உண்டு," என்றாள் டாக்டர்.

"இல்ல டாக்டர், இது எங்க அக்காவேதான்," என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது.

நாலாம் நாள் காலை, இரத்தத்தில் அழற்சியின் அளவு முந்நூற்றுக்கு மேலிருந்து எண்பதுக்கு இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னாள். ஸ்டீராய்டுதான் காப்பாற்றியதா, கிருமி மருந்தா என்று மகன் கேட்டான். பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். டிராலியைத் தீவிர சிகிச்சை வார்டின் வேறு கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள் சாதாரண வார்டில் தம்பி ஆப்பிளை நறுக்கியபடியே மெல்ல ஆரம்பித்தான். "நுரையீரல்ல தழும்பு நிக்கலாமாம். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாதாம். போதும்க்கா, பஸ்ஸெல்லாம். வீட்ல உக்காரு."

மூச்சுப் பயிற்சிக்காரர் கொடுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கருவியை மேசையிலிருந்து எடுத்தாள். மூன்று கூடு, மூன்று பந்து; இழுக்கும் மூச்சின் வலுவுக்கு ஏற்ப ஒவ்வொன்றாக மேலே ஏறும். குழாயை உதட்டில் கவ்விக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள். முதல் பந்து சட்டென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தயங்கித் தயங்கி ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. தம்பியின் கத்தி பாதி ஆப்பிளில் நின்றது. அவள் விடவில்லை. அடியில் கிடந்த மூன்றாவது பந்து அசைந்தது, கூட்டின் அடியை விட்டு ஒரு விரற்கடை எழுந்தது, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.