நல்ல வாகனம், வாங்குங்கோ

மகேஸ்வரனுக்குத் தன் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறை கிடையாது. இரத்தம் சோதிக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு ஜக்கெற் பைக்குள்ளேயே கிடந்து நைந்துபோகும். ஆனால் தன் டீசல் பிக்கப்புக்கு எண்ணெய் மாற்றும் நாள் வந்துவிட்டால் மனிதர் வெயர்ஹவுஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிற்பார். மில்லிக்கனில், அவருடைய வீட்டு ட்ரைவ்வேயில் அதை நிறுத்தினால் பக்கத்து வீட்டு யன்னலில் வெயில் விழாது. பனிக்காலம் முடிந்த கையோடு அதன் அடியில் படுத்துக்கிடந்து, பனி உருக வீதியில் கொட்டிய உப்பு ஒரு பொட்டும் இல்லாமல் கழுவுவார். ட்ரெயிலர் மாட்டும் கொக்கிக்குக் கிறீஸ் பூசுவார். டீசலோடு வந்து சேர்ந்த தண்ணீரை வடித்து, போத்தலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

“கட்டின பெண்சாதியைக்கூட ஒருத்தன் உப்பிடிப் பாக்கமாட்டான்” என்று தெருவில் கேலி செய்வார்கள். பார்ப்பதற்குப் பெண்சாதி என்று ஒருத்தி இருந்தால்தானே? அகதியாக வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறைக்குள் ஐந்து பேரோடு கிடந்த காலத்தில் தொடங்கி, மூன்று தங்கச்சிமாரையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, கட்டிக்கொடுத்து, மூச்சு விட்டபோது வயது ஐம்பதை எட்டியிருந்தது. தன் தலை வழுக்கை விழுந்ததைக்கூடக் கடைசித் தங்கச்சியின் கலியாண வீடியோவில்தான் மனிதர் முதன்முதலாகக் கண்டார்.

சனி ஞாயிறுகளில் மற்றவர்களுடைய ட்ரெயிலர்களை இழுத்துக் கொடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. மணவறைத் தூண்கள், வாடகைக் கதிரைகள், கோயில் சப்பறம் எல்லாம் அந்த வாகனத்தின் பின்னால் போயிருக்கின்றன. அப்படித்தான் ஒரு பழைய மாணவர் சங்க விளையாட்டுப் போட்டி முடிந்து, மழை தூறத் தொடங்கிய ஒரு மாலையில், ஸ்காபுறோப் பூங்கா ஒன்றில் கனகாம்பிகையைக் கண்டார்.

கனகாம்பிகை மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடிக்காரி. கணவன் மாரடைப்பில் போன பிறகு கொத்துரொட்டி ட்ரெயிலர் ஒன்றை நடத்தி மகள் தக்ஷிகாவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவள். அன்று ட்ரெயிலரை இழுத்துப் போக வருவதாகச் சொன்னவன் வரவில்லை. தாயும் மகளும் ஒரு குடைக்குள் நின்றார்கள். மகேஸ்வரன் வாகனத்தைப் பின்னால் எடுத்து, கொக்கியை மாட்டி, சங்கிலியைக் கொளுவிவிட்டுச் சொன்னார்.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. நான் கொண்டுபோய் விடுறன்.”

பார்த்தீர்களா, வந்ததும் வராததுமாக வாயில் என்ன வந்தது என்று! முன்பின் தெரியாத பெண்ணோடு கதைக்கத் தொடங்கும் எந்த யாழ்ப்பாணத்து மனிதருக்கும் முதலில் வாயில் வருவது அந்தச் சொல்தான். மரியாதைக்கும் அதுதான், பாதுகாப்புக்கும் அதுதான். அதிலும் வாழ்நாள் முழுக்க அதையே சொல்லிப் பழகிய வாய் அது. “பெரிய உதவி அண்ணே” என்றாள் அவளும். கதவு திறக்க முதலே அதைப் பூட்டித் திறப்பை வாய்க்காலில் எறிந்த மாதிரிப் போயிற்று. அது மகேஸ்வரனுக்கு அன்றைக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

அதற்குக் காரணம் வாகனத்தின் ஃபில்டர். இந்தக் காலத்து டீசல் வாகனங்களில் புகைக்கரி ஒரு ஃபில்டரில் சேர்ந்துகொண்டே இருக்கும். நிரம்பியதும் வாகனம் தானாகவே அதைச் சூடாக்கி எரித்துவிடும். அந்த நேரம் ஹைவேயில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கரி அரைகுறையாய் எரிந்து நின்று, பிறகு பெரிய தொல்லையாகும். அதற்குள் சனிக்கிழமைகளில் அவளுடைய ட்ரெயிலரை அவரே இழுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு மாதம் கழிந்த ஒரு மாலை, அதைக் கனகாம்பிகையின் வீட்டு வாசலில் விட்டுக் கழற்றும்போது அந்த எச்சரிக்கை திரையில் வந்தது.

“இறங்குங்கோ தங்கச்சி. நான் ஒருக்கா 404 ஹைவேயிலை ஓடிப்போட்டு வீட்டை போறன். இப்ப எஞ்சினை நிப்பாட்டக்கூடாது.”

தக்ஷிகா இறங்கிப் போய்விட்டாள். கனகாம்பிகை இறங்கவில்லை. “மறுகா நானும் வாறன் அண்ணே. விடியத்துல இருந்து கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னால நிண்டனான். கொஞ்சம் காத்துப் படட்டும்.”

நியூமார்க்கெட் தாண்டியதும் இரண்டு பக்கமும் சோளக்காடு வந்தது. இருக்கையைப் பின்னால் சரித்து வைத்து, யன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, அவள் அப்படியே தூங்கிப்போனாள். உடுப்பில் கறிவேப்பிலையும் எண்ணெயும் மணத்தன. கரி எரிந்து முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. மகேஸ்வரன் வாகனத்தைத் திருப்பவில்லை. அவள் தூங்குகிறாள், திருப்பத்தில் குலுங்கி எழும்பிவிடுவாள் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு நேரே ஓடினார். அந்த ஓட்டத்தில்தான், பாவம், அந்தத் ‘தங்கச்சி’ அவருடைய தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ட்ரெயிலர் இறக்கியதும் ஃபில்டர் நிரம்பிவிடும். உண்மையில் எந்த ஃபில்டரும் அத்தனை தடவை நிரம்பாது. கனகாம்பிகைக்கு அது தெரியாது என்று மகேஸ்வரன் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கோடைகாலம் அப்படிப் போயிற்று. அவர் தங்கச்சி என்றார், அவள் அண்ணே என்றாள், வாகனம் சோளக்காட்டுக்குப் போய்ப் போய் வந்தது. தங்கச்சி என்று கூப்பிட்டவளிடம் போய் எந்த முகத்தோடு என்ன கேட்பது? கேட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்கள், அவள் என்ன நினைப்பாள்? இதைத்தான் மனிதர் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் யோசித்தார்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் அவள் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணே, றிச்மண்ட் ஹில்லில ஒரு பிக்கப் விக்கக் கிடக்காம். உங்கட மாதிரித்தான், டீசல். நானே இழுப்பம் எண்டு நினைக்கிறன். நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க.”

மகேஸ்வரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஏன் தங்கச்சி, நான் இழுக்கிறதிலை ஏதும் குறையோ?”

“குறை என்ன? எவ்வளவு காலத்துக்கு உங்களைக் கரைச்சல்படுத்துற? போன கோடையில ஒரு மனிசி கேக்கிறா, உவர் உனக்கு ஆரெண்டு. எனக்குச் சொல்லத் தெரியல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க வேணாமெண்டு சொன்னா நான் வாங்கமாட்டன்.”

வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் சனிக்கிழமைகள் அவரிடமே இருக்கும். அதைச் சொல்லுவதென்று முடிவு செய்துகொண்டுதான் மனிதர் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வாகனத்தில் பழுது இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் மன்றாடினார்.

விற்றவர், படகு இழுக்க அதை வைத்திருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர். மகேஸ்வரன் முதலில் பொனற்றில் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்து கிடந்தது. பழுதை மறைக்கிறவன் ஆள் வர முதலே எஞ்சினைச் சூடாக்கி வைப்பான். இந்த மனிதர் அதைக்கூடச் செய்யவில்லை. எண்ணெயை விரலில் தொட்டு மணந்தார், தண்ணீர் கலக்கவில்லை. அடியில் படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார், நல்ல இரும்பின் சத்தம் வந்தது. பிறேக் குழாயைக் கம்பித் தூரிகையால் உரஞ்சிப் பார்த்தார். துரு இல்லை. கிழவன், படுபாவி, வருடாவருடம் அடியில் எண்ணெய் அடித்து வைத்திருக்கிறான்! திறப்பைத் திருப்பினால் எஞ்சின் முதல் சுற்றிலேயே எழும்பிக் கோயில் நாதஸ்வரம் போல் ஒரே சுருதியில் நின்றது.

“எப்பிடி அண்ணே?” என்றாள் கனகாம்பிகை. கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மகேஸ்வரன் வாயைத் திறந்தார். வேண்டாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“நல்ல வாகனம், வாங்குங்கோ.”

“ஒரு குறையும் இல்லையா?”

“இல்லைத் தங்கச்சி.”

“வடிவாப் பாத்தீங்களா? அடியில?”

“அடியிலைதான் முழுக்கப் பார்த்தனான். உப்பிடி ஒண்டு இனிக் கிடையாது.”

அவள் முகம் விழுந்துபோனது. அதைக் கண்டும் மகேஸ்வரனுக்கு விளங்கவில்லை. பெரிய வாகனம் என்று பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, பின்னால் எடுக்கும்போது ஸ்ரியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைக்க வேண்டும், ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பாடம் எடுக்கத் தொடங்கினார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவள் வாங்கினாள். பிறகு அழைக்கவில்லை.

முதல் சனிக்கிழமை மகேஸ்வரன் வாகனத்தைக் கழுவினார். அடுத்த சனிக்கிழமையும் கழுவினார். அழுக்கே இல்லாத வாகனத்தைக் கழுவுவது போல மனதை வாட்டும் வேலை வேறு கிடையாது. பாரம் இழுக்காமல், வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும் சின்ன ஓட்டம் ஓடி ஓடி, ஒரு நாள் ஃபில்டர் உண்மையாகவே நிரம்பிவிட்டது. தனியே 404-இல் ஏறினார். பக்கத்து இருக்கை அவள் சரித்து வைத்தபடியே கிடந்தது. அதை நிமிர்த்த அவருக்கு மனம் வரவில்லை. சோளக்காடு இன்னும் முளைக்கவில்லை, வெறும் மண்ணாகக் கிடந்தது. ஐம்பது தாண்டிய இந்த வயதில் ஹைவேயில் கண் கலங்கி ஓடுகிறேனே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கலங்கியது கலங்கியதுதான்.

மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. “ஞாயிற்றுக்கிழமை பேவியூப் பிள்ளையார் கோயில்ல வாகனப் பூசை. வாங்க.” அண்ணே என்ற சொல் அதில் இல்லை. கோபம்போல என்று மகேஸ்வரன் நினைத்தார்.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் அவளுடைய ட்றக் பொனற்றில் சந்தனமும் குங்குமமும் பூசி, முன் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நின்றது. வரிசையில் முன்னால் நின்ற காருக்கு ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தக்ஷிகா தேங்காய்த் தட்டோடு சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். வேண்டுமென்றேதான் நின்றாள்.

“எப்பிடி ஓடுது தங்கச்சி?”

“நல்லா ஓடுது. நீங்க சொன்ன மாதிரி ஒரு குறையும் இல்ல.” கனகாம்பிகை அவரை நேராகப் பார்த்தாள். “ஃபில்டர் நிரம்பிற்றெண்டு வாராவாரம் பொய் சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, இதுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லத் தெரியல்ல, என்ன?”

மகேஸ்வரனுக்குக் காது சுட்டது. “உங்களுக்குத் தெரியுமோ?”

“முதல் வருசமே தெரியும். புள்ள இன்ரநெற்றில பாத்துச் சொன்னவள்.”

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். பிறகு அந்த டயருக்கே சொல்வதுபோலச் சொன்னார். “அண்டைக்கு வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான். அந்த ஃபில்டர் என்ரை வாகனத்தின்ரை, அதைப் பற்றி என்ன பொய்யும் சொல்லலாம். இதிலை நீங்களும் பிள்ளையும் போகப்போறியள். நான் இதைத் தட்டிக்கழிச்சால், பிறகு ஆரும் ஒருத்தன் பிறேக் இல்லாத ஒண்டை உங்கடை தலையிலை கட்டிவிட்டிடுவான். என்ரை சனிக்கிழமைக்காக நான் அதைச் செய்யேலாது.”

கனகாம்பிகை சேலைத் தலைப்பால் கண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஐயர் வந்துவிட்டார். “குடும்பத்திலை எல்லாற்றை பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ.”

“கனகாம்பிகை, ரோகிணி,” என்றாள். “தக்ஷிகா, சுவாதி.”

“அவ்வளவுதானோ அம்மா?”

“இல்ல ஐயா, இன்னும் ஒராள் இருக்கு.” அவள் தலையைத் திருப்பினாள். “இஞ்சாருங்கோ. உங்கட நட்சத்திரம் என்ன?”

மகேஸ்வரன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒருத்தி தன் புருசனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

“அங்கிள்,” என்றாள் தக்ஷிகா, “இட்ஸ் யூ. ஐயர் வெயிற் பண்ணுறார்.”

“பூரட்டாதி,” என்றார் மகேஸ்வரன். ஐயருக்குக் கேட்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து மறுபடியும் சொன்னார். “மகேஸ்வரன். பூரட்டாதி.”

ஐயர் மூன்று பெயரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பூப்போட்டார். தேங்காய் உடைந்தது. தக்ஷிகா வீட்டுக் காரின் திறப்பைச் சுழற்றிக்கொண்டு, “நான் போறன், யூ கைஸ் டேக் யுவர் டைம்” என்று போய்விட்டாள். மகேஸ்வரன் தன் வாகனத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, வேறொரு ட்றக்கின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அது அவர் வாழ்க்கையில் நடவாத காரியம்.

கனகாம்பிகை மெல்ல முன்னால் எடுத்தாள். எலுமிச்சம்பழங்கள் நசிந்து மணம் உள்ளே வந்தது. பேவியூ வீதி வாசலில் சிக்னலுக்கு நின்றபோது கேட்டாள்.

“எனக்கு இந்தத் திரையில ஒண்டும் விளங்கல்ல. ஃபில்டர் நிரம்பிற்றா எண்டு பாருங்க.”

மகேஸ்வரன் குனிந்து வடிவாகப் பார்த்தார். திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை.

“ஓம் கனகம்,” என்றார். “நிரம்பி வழியுது. 404-க்கு விடுங்கோ.”