வெள்ளிக்கிழமைக் குழம்பு

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் கடையில் கூட்டம் கொஞ்சம் அடங்கும். அப்போதுதான் இசக்கிச்செல்வியும் ஆசியாவும் துணிக்கடையின் பின்னறையில், நைட்டிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். மூடி திறக்கும் முன்பே ஆசியா கேட்டுவிடுவாள்.

“நேத்து ராத்திரி என்னட்டி உங்க வீட்ல?”

அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது இப்படித்தான். காலையில் எழுந்து புதிதாகக் குழம்பு வைத்துக் கொண்டுவர யாருக்கு நேரம் இருக்கிறது? ராத்திரி வைத்ததுதான் மறுநாள் டப்பாவில் வரும். யார் வீட்டில் மீன் வாங்கினார்கள், யார் வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான், யார் வீட்டில் விருந்தாளி வந்தது என்பதெல்லாம் மூடியைத் திறந்ததும் வெளியே வந்துவிடும்.

“பாவக்காப் புளிக்குழம்புக்கா” என்றாள் செல்வி.

நீட்டிய கையை ஆசியா அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “மறுபடியுமா? ஏட்டி, சுகர் உனக்கா, உங்க மாமாவுக்கா?”

“ரெண்டு பேருக்கும் இல்ல.”

“பெறவு எந்தக் கேசுக்கு இந்தத் தண்டனை?”

“மாமாவுக்கு அதுன்னா உசுருக்கா. அவுகளுக்கு இருந்த மாதிரியே.”

‘அவுக’ என்றதும் ஆசியா கிண்டலை நிறுத்திவிட்டுத் தன் டப்பாவிலிருந்த நெத்திலியில் பாதியைச் செல்வியின் சோற்றின் மேல் வைத்தாள்.

செல்வியின் கணவன் சுடலைராஜ் போலீஸ்காரன். போன ஆனி மாதம், குற்றாலத்துக்குச் சீசன் கூட்டம் வரத் தொடங்கிய நேரம், ஒரு விடிகாலையில் பந்தோபஸ்துக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது.

பாகற்காய் அவனுடைய பைத்தியம். பட்டாலியனில் இருந்தபோது மெஸ்ஸில் ஒட்டிக்கொண்ட பழக்கம். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் அதுதான் வைக்க வேண்டும். உப்புப் போட்டுப் பிசறிப் பிழியக் கூடாது. கருப்பட்டி சேர்க்கக் கூடாது. “கசப்பத் தின்னணும்னுதானட்டி பாவக்காயே வாங்குதோம்” என்பான். செல்விக்கு அந்த வாடையே ஆகாது. அவனுக்குப் பரிமாறிவிட்டுத் தான் மோர் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

பதினாறாம் நாள் படையலுக்கு அந்தக் குழம்பையும் வைத்தாள். அவனுக்குப் பிடித்ததைத்தானே வைக்க வேண்டும். மாமனார் சொரிமுத்து முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஏட்டு. மனைவி இறந்த பின் வாசுதேவநல்லூரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர். செல்வி கை நடுங்க அந்தக் குழம்பை ஊற்றினாள். அவர் தலை நிமிராமல் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி” என்றார்.

அந்த ஒரு சொல்லில் செல்விக்கு உடம்பே ஆறியது. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நாக்கு என்று நினைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனால் வந்தால் கறிச்சோறு போட்டே அனுப்பிய மாமனார். கல்யாணமான எட்டு வருஷத்தில் பாகற்காய்ப் பேச்சே வந்ததில்லை.

அதன்பின் அவர் ஊருக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. காலையில் பால் வாங்கினார், கரண்டு பில் கட்டினார், மோட்டார் போட்டார். ராத்திரி எட்டு மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு அதிகம் இராது. ஆனால் அடுப்பில் ஒரு சட்டி ஏறுவதற்கு ஒரு காரணம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் செல்வி பாகற்காய் வைத்தாள். அவர் தின்ன, அவர் எதிரே தான் மட்டும் மோருக்கு ஒதுங்குவது நன்றாக இராது என்று தானும் அதையே ஊற்றித் தின்றாள். நாக்கு மரத்துப் போகும் என்று நம்பினாள். மரக்கவில்லை.

பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்த அவர் மகள் ஆனந்தவள்ளி தினமும் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் போடுவாள்.

“என்னப்பா குழம்பு?”

“நல்ல குழம்பு.”

“நல்ல குழம்புன்னா என்ன குழம்பு?”

“நல்லா இருந்தா நல்ல குழம்பு. வை போனை.”

அந்த ஆனந்தவள்ளிதான் வருஷத் திதி முடிந்த மறு வாரம், புதன்கிழமை ராத்திரி, செல்வியிடம் போனில் தனியாகப் பேசினாள். “மைனி, தப்பா எடுத்துக்காதிய. திதிக்கு வந்தப்போ பாத்தேன். அப்பா ரொம்ப மெலிஞ்சிட்டாரு. இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது. வெள்ளிக்கிழம சாயங்காலம் வந்து, சனிக்கிழம காலைல இங்கன கூட்டிட்டு வந்திருதேன். உங்களுக்கும் எத்தன நாளைக்குப் பாரம்?”

“பாரமெல்லாம் இல்ல வள்ளி” என்றாள் செல்வி. மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். “சரின்னுட்டாரு” என்றாள் வள்ளி.

சரி என்று சொல்லிவிட்டார். செல்வி போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்றாள். அவர் போய்விட்டால் கால்படி அரிசி போதும். கால்படிக்காக யார் அடுப்பு பற்ற வைப்பார்கள்? கடையிலிருந்து வரும்போது இரண்டு இட்லியைக் கட்டி வாங்கி, டிவி முன்னால் தின்றுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். போகாதீர்கள் என்று சொல்லலாம். எந்த உரிமையில் சொல்வது? அவர் பெற்ற மகள் கூப்பிடுகிறாள். மகன்தான் இல்லையே, மருமகள் மட்டும் எப்படிப் பாக்கி?

வெள்ளிக்கிழமை மத்தியானம் இதையெல்லாம் ஆசியாவிடம் சொன்னாள். ஆசியா வழக்கத்துக்கு மாறாகச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் கொஞ்சம் நெளிந்தாள்.

“சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். குத்தாலத்துல எந்தம்பி ஆசிக் கடை போட்டிருக்கான்லா, சீசனுக்கு? செவ்வாக்கிழம சாயங்காலம் அங்கன போயிருந்தேன். பக்கத்து ஓட்டல்ல உங்க மாமா உக்காந்திருந்தாரு. இட்லியும் ரசவடையும். ஒண்ணு ரெண்டு இல்லட்டி. ஆசிக் சொல்லுதான், போன வெள்ளிக்கிழமையும் வந்தாராம்.”

அருவியில் குளித்துவிட்டு வருகிறேன் என்றுதான் மாமா அந்தச் சாயங்காலங்களில் பஸ் ஏறுவார். செல்வி டப்பாவை மூடினாள். வெளியே தின்றுவிட்டு வந்துதான் தன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் அவருக்கு உயிரான குழம்பு வைக்கிற நாள் பார்த்து. அப்படியென்றால் குழம்பில்தான் ஏதோ குறை. என் கைப்பக்குவம் போய்விட்டது. அதனால்தான் மெலிந்தார், அதனால்தான் சரி என்றார்.

ஆசியா, “இன்னைக்கு வேற எதாவது வையேன்” என்றாள்.

“இன்னைக்குக் கடைசி நாள்க்கா. மாமாவுக்குப் பிடிச்சத ஒழுங்கா வச்சுப் போட்டாத்தான் மனசு ஆறும்.”

சாயங்காலம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு, காய்கறிச் சந்தைக்குப் போனாள். முள்ளு முள்ளாய், கரும்பச்சையாய், நாட்டுப் பாகற்காயைப் பொறுக்கினாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்தாள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். கசப்பு துளியும் இறங்கிவிடாமல் காயை வட்டம் வட்டமாக அரிந்து, அப்படியே போட்டாள். எண்ணெய் மிதக்கக் கொதித்தபோது தெரு முனை வரைக்கும் வாடை போயிருக்கும்.

மாமா ஈரத் தலையோடு வந்தார். வாசலில் செருப்பை விட்டவர் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். சிறிது நேரத்தில் ஆனந்தவள்ளியும் பையோடு வந்து இறங்கினாள். மாமாவின் பெட்டி ஏற்கெனவே கட்டி, நிலைக்கதவோரம் இருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். செல்வி முதலில் மாமாவுக்கு ஊற்றினாள். பிறகு வள்ளிக்கு. வள்ளி ஒரு வாய் வைத்தாள். கண் விரிந்தது. தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

“மைனி! என்ன இது? வேப்பங்கொழுந்த அரச்சு விட்டிருக்கியளா?”

“பாவக்கா வள்ளி. மாமாவுக்குப் பிடிக்குமேன்னு...”

“யாருக்கு? எங்கப்பாவுக்கா?” வள்ளி திரும்பித் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் ஒரு பெரிய உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தார், மாத்திரை விழுங்குகிறவர் போல. “மைனி, எங்கம்மை வேலியில தானா மொளச்ச பாவக்கொடிய வேரோட புடுங்கி ரோட்டுல போட்டவரு இவரு. அந்தச் சட்டிய அடுப்புல பாத்தாலே ஸ்டேஷன்ல போய்ப் படுத்துக்கிடுவாரு!”

செல்வியின் கையில் கரண்டி நின்றது. “மாமா?”

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி முகம். “படையல்ல வச்சதல்லா தாயி. செத்தவனுக்கு வச்சத வேண்டாம்னு சொல்லப்படாது. அதான் தின்னேன்.”

“இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டிய.”

“உன் கை நடுங்கிட்டு இருந்துது. நல்லா இல்லன்னு நெனச்சிருவியேன்னு கேட்டேன். பெறவு பாத்தா வாரம் ரெண்டு மட்டம் வைக்குத. நீயும் ஊத்தித் தின்னுத. சரி, இவளுக்கு அவன் நெனப்பு, இதுலதான் ஆறுதல் கெடைக்குன்னு...”

“எனக்கா?” செல்வியின் குரல் கீச்சென்று ஏறியது. “எனக்கு அந்த வாடையே ஆகாது மாமா! அவுக இருக்கும்போதே நான் தொட்டதில்ல. நீங்க ஆசையாத் தின்னுதியன்னு, உங்க முன்னால ஒதுக்கக் கூடாதுன்னு...”

ஒரு வருஷம். வாரத்துக்கு இரண்டு நாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எதிரெதிரே உட்கார்ந்து விழுங்கியிருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது வள்ளிதான். சோற்றுக் கையை உதறிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். “ஏ அண்ணே, நீ போயும் இவங்கள விடலயேடா” என்று மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். செல்விக்கும் சிரிப்பு வந்தது. அவன் செத்த பிறகு அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்த மூட்டை ஒன்று அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது.

“அதான் குத்தாலத்துல ரசவடையா?” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிழவர் திடுக்கிட்டார். “அது யாரு சொன்னா?”

“போலீஸ்காரன் பொண்டாட்டிலா. எனக்கும் ஆள் உண்டு.”

“வயிறு பாதி நெறஞ்சிருந்தா இத முழுங்குதது லேசு” என்று அவர் முணுமுணுத்தார்.

செல்வி அவர் தட்டை எடுத்தாள். எடுத்தவள், கீழே வைக்காமலே நின்று கேட்டாள். இப்போது கேட்காவிட்டால் பிறகு ஒருபோதும் கேட்க முடியாது.

“சாப்பாடு ஒவ்வாமதான் போகுதியளா மாமா? அப்படின்னா போகாதிய. வேற பொங்குதேன். இங்கனயே இருங்க.”

அவர் மேல்துண்டால் வாயைத் துடைத்தார். “நான் இருக்கதாலதான் நீ கடையில இருந்து ஓடியாந்து அடுப்புக்கு முன்னால நிக்குதன்னு நெனச்சேன். ஒத்தைக்குன்னா இஷ்டத்துக்கு இருப்பேல்லா. இருன்னு நீ ஒரு சொல் சொல்லலியே தாயி.”

“நீங்க இருக்கேன்னு சொல்லலியே.”

வள்ளி எழுந்தாள். “ரெண்டு பேரும் சேந்து என் பஸ் காச வீணாக்கிட்டிய. பெட்டிய நானே அவுக்கேன், தள்ளுங்க. அந்தச் சட்டிய மூடி வைங்க மைனி, எங்க வீட்டுக்காரருக்கு சுகர், கொண்டு போயி ஊத்துதேன். செஞ்ச பாவத்துக்கு அனுபவிக்கட்டும்.”

செல்வி அவசரத்துக்கு ஒரு ரசம் கூட்டி, தேங்காய்த் துவையல் அரைத்து, அப்பளம் பொரித்தாள். சொரிமுத்து மூன்று தரம் சோறு வாங்கினார். கை கழுவப் போகும்போது போட்டோ முன்னால் நின்றார்.

“திதிக்கு மட்டும் வச்சிருவோம்” என்றார். “அவனுக்காக. அன்னைக்கு ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு முழுங்குவோம். என்ன?”

“சரி மாமா.”

“ஆமா, உனக்கு என்னதான் பிடிக்கும்?”

யாரும் கேட்டு செல்விக்குப் பழக்கமில்லை. “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆசியா வழக்கம்போல ஆரம்பித்தாள். “நேத்து ராத்திரி என்னட்டி?”

செல்வி மூடியைத் திறந்தாள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கேட்பதற்குள் ஆசியாவின் கை டப்பாவுக்குள் போயிருந்தது. நடந்ததை வாய் நிறையச் சோற்றோடு கேட்டு, புரையேறிச் சிரித்தாள்.

அந்த நேரம் போன் அடித்தது. மாமா. பின்னால் சந்தைச் சத்தம்.

“தாயி, கத்தரிக்கா இருக்கு, வெண்டக்காயும் இருக்கு. ராத்திரிக்கு எது?”

“உங்களுக்கு எது பிடிக்குமோ அத...”

“ஏய்!” பழைய ஏட்டுக் குரல் போனுக்கு வெளியே கேட்டது. “அந்தப் பேச்சே இனிமே கூடாது. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“வெண்டக்கா மாமா” என்றாள் செல்வி. “பிஞ்சாப் பாத்து வாங்குங்க.”