புதிதாகச் சேர்ந்த குடும்பம்

பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில் பெனிட்டா பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தாள். ஏழு மாத வயிறு தொடையில் இடித்தது. ஒரு கையால் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மகள் சோபியா உதறிவிட்ட இடதுகால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது, உபதேசியார் லாரன்ஸ் மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்.

"இந்த மாதம் நம்ம பங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் குடும்பம். திரு. ஜெரின், திருமதி பெனிட்டா, மகள் சோபியா. ஷாதிபூர் பகுதி அன்பியம். எல்லாரும் கைதட்டி வரவேற்போம்."

கைதட்டினார்கள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செருப்போடு நிமிர்ந்த பெனிட்டா சிரிக்கவில்லை. அவள் ஆண்கள் பக்கம் பார்த்தாள். அவள் புருஷன் ஜெரின், பீடத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவனைப் போல வெறித்துக்கொண்டிருந்தான். அவனும் கைதட்டவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு அந்தக் கைதட்டலின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் ஒரு பங்கில்தான் இருக்கும். இங்கே ஏறியிருக்கிறது என்றால் அங்கே அடித்திருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாண ஓலை, திருவிழா வரி, கடைசியில் கல்லறையில் ஆறடி, எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வரும். குவைத்தில் இருபது வருஷம் கிடந்தவர்கள்கூட ஊரில் பெயரை எடுத்ததில்லை. போட்டு இன்ஜின் வேலை, ஆறு மாதக் கான்ட்ராக்ட் என்று சொல்லிப் பெண்டாட்டி பிள்ளையை அந்தமானுக்குக் கப்பல் ஏற்றிக் கூட்டிவந்தவன் எடுத்திருக்கிறான்.

வெளியே வந்ததும் கேட்டாள். "யாரு பேரக் குடுத்தது?"

"உபதேசியார்தான் கேட்டாரு. சும்மா ஒரு லிஸ்ட்டு."

"லிஸ்ட்டுக்கா கை தட்டுனாங்க?"

"இல்ல பெனி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது இங்க பேரு இருந்தா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

"எந்தப் பிள்ளைக்கு? சோபியாவுக்குத்தான் குடுத்து நாலு வருஷம் ஆச்சே."

ஜெரின் ஆட்டோ பிடிக்கப் போனான். பதில் தெரியாதபோதெல்லாம் அவன் ஆட்டோ பிடிக்கத்தான் போவான்.

பெனிட்டா பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாகத்தான் பேச்சு. அவள் கணக்கு டீச்சர். இரண்டு தலைமுறைக்குக் கல்லூரி வாசலையே மிதிக்காத வீட்டிலிருந்து எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, தூத்துக்குடி டவுனில் ஒரு பள்ளியில் சேர்ந்தவள். ஆறு மாத விடுப்பை அவளே டைப் அடித்து, தலைமையாசிரியையின் மேஜையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். திரும்பிப் போகவில்லை என்றால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் இந்தத் தீவில் இந்தி தெரியாமல், கையில் பிள்ளையோடு, நல்லதண்ணிக் குழாயைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

சந்தேகம் அன்றைக்கு முளைத்ததல்ல. வந்த இரண்டாம் வாரமே ஜெரின் கிரைண்டர் வாங்கினான். ஆறு மாதத்துக்கு வந்தவன் மாவுப் பாக்கெட் வாங்குவான், கிரைண்டரா வாங்குவான்? பிறகு இரும்புக் கட்டில். விமான டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால், நெட் வரவில்லை என்பான், அடுத்த வாரம் விலை இறங்கும் என்பான். போன வாரம் வீட்டுக்காரி இந்திராணியிடம், "பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போயிருவேன்க்கா" என்று சொன்னபோது அந்த அக்கா வெகுளியாகக் கண்ணை விரித்தாள். "அப்படியா? தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது, குழந்தத் துணி அலசணும், பெரிய டாங்கி வச்சுக்கவான்னு உன் ஆத்மி, உன் புருஷன்தான், எங்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டாரே!" பெனிட்டா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி மாடிப்படி ஏறினாள். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் அவனை ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பதினெட்டுப் படி.

இன்னொருத்தி இருக்கிறாளோ என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டாள். குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துப் போகிறான். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசுகிறான். ஆனால் இன்னொருத்திக்காக எவனும் கர்ப்பிணிப் பெண்டாட்டியைக் கடல் தாண்டிக் கூட்டிவர மாட்டான், விட்டுவிட்டல்லவா வருவான். கணக்கு எங்கேயோ இடித்தது.

திங்கட்கிழமை காலை அவன் வேலைக்குப் போனதும், சோபியாவை இந்திராணியிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் போனாள். வங்காளத்து அம்மாள். ஸ்கேன் தாளைப் பார்த்து இருபத்தொன்பது வாரம் என்றார். விமானத்தில் போகலாம் என்று கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். "முப்பத்திரண்டு தாண்டினால் நான் எழுதித் தர மாட்டேன். அப்புறம் நீயும் உன் பிள்ளையும் ஐலண்டர்தான்" என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து சிரித்தார். மூன்று வாரம். ஜெரினின் 'அடுத்த வாரம்' இன்னும் மூன்று முறை வந்தால் போதும், அவன் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும். அதுதான் அவன் கணக்கு என்று அப்போது உறைத்தது.

அங்கிருந்து நேரே கோயில் அலுவலகம்.

"அரே, ஆவோ பேட்டி, வா மகளே, உக்காரு. ஃபேன் போடவா?" என்றார் லாரன்ஸ். முப்பது வருஷமாகத் தீவில் இருப்பவர். அவருடைய தமிழ் நாகர்கோவிலில் ஏறி இந்தியில் இறங்கும். "உங்க காகஜ், பேப்பரு எல்லாம் டீக்கா இருக்கு. ஊர்ச் சாமியாரு சீல் போட்டு அனுப்பிட்டாரு. புருஷன் சைன், பெஞ்சாதி சைன், எல்லாம் பக்கா."

"நான் எங்க சைன் போட்டேன்?"

அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பங்கு மாற்ற விண்ணப்பம். ஜெரினின் கிறுக்கலுக்குப் பக்கத்தில் 'பெனிட்டா' என்று தமிழில் எழுதியிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததைத் தொடாமல் தனித்தனியாக நின்றது. தாள் மறுபக்கம் புடைக்குமளவு அழுத்தி எழுதியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெரின் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த மேஜையையே கவிழ்த்திருப்பாள். இது அவன் எழுத்தில்லை. மகளிர் குழுவில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்ட அம்மாவுக்கு, எட்டாம் வகுப்புப் படிக்கும்போது காலண்டர் தாளின் பின்புறத்தில் அவள் சொல்லிக்கொடுத்த எழுத்து. வீட்டு ஆட்களின் பெயர் ஐந்தும் எழுதத் தெரிந்ததும் அம்மா சூசைமேரி படிப்பை நிறுத்திக்கொண்டாள். எனக்கு இவ்வளவு போதும்ட்டி என்றாள்.

"என்ன பேட்டி, முகமே மாறிட்டு?" லாரன்ஸ் ஃபைலை மூடினார். "ஃபிக்கர் பண்ணாத, கவலப்படாத. ஊர்ல பிரச்சினைன்னு வர்ற குடும்பம் நீங்க மொதல்லயா? நானே அப்படி வந்தவன்தான்."

"ஆமா, பிரச்சினைதான்."

"உன் ஆத்மி எல்லாம் சொல்லியிருக்கான்ல?"

"சொன்னாரு. நீங்களும் சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கேன்."

அவர் நல்ல மனுஷன். சொல்லிவிட்டார். தடைசெய்த சுருக்குமடி வலை போடுகிற போட்டுகளின் இன்ஜினை ஊர் மெக்கானிக் யாரும் தொடக் கூடாது என்று ஊர்க்கமிட்டியில் கட்டுப்பாடு. அப்படி ஒரு போட்டு பதினோரு ஆளோடு நடுக்கடலில் நின்றுபோய், ஜெரினுக்குப் போன் வந்திருக்கிறது. அவன் போய்ச் சரிபண்ணிக் கரைக்கு ஓட்டிவந்தான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆள் செத்த பிறகு போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். குடும்பத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

பெனிட்டா வெளியே வந்து அபர்டீன் பஜார் மணிக்கூண்டு வரை நடந்தது அவளுக்கே தெரியாது. அவளும் ஜெரினும் குடியிருந்தது டவுனில். அவன் ஊருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அதனால் அவள் காதுக்கு எட்டாமல் ஒரு ஊரே பார்த்துக்கொண்டது. ஊரில் எவனுக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் பெனிட்டா டீச்சரைத்தான் தேடி வருவார்கள். முதியோர் பென்ஷனுக்கு, பட்டாவுக்கு, மீன்வளத்துறைக்கு. சொந்தக் குடும்பத்தைத் தள்ளி வைத்ததற்கு மட்டும் அவளிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைவிட இன்னொன்று நெஞ்சில் குத்தியது. ஜெரின் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். அத்தனை பேர் முன்னால் நின்று. அந்த ஜெரினோடு அவள் ஒருநாள்கூடக் குடித்தனம் நடத்தியதில்லை. அவளுக்கு வாய்த்தது ஆட்டோ பிடிக்கப் போகிற ஜெரின்.

ஒரு துணிக்கடைப் படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என் பேர யாரும்மா எழுதுனது?"

மறுபக்கம் மீன் உரசும் சத்தம் நின்றது. "எந்தப் பேரு?"

"ஒனக்கு அஞ்சு பேருதான் எழுதத் தெரியும். அதுல ஒண்ணு."

"ஏட்டி, கத்தாத. வயித்துப் பிள்ளக்காரி."

"அவரு கேட்டாரா, நீயா போட்டியா?"

"கேட்டாவ, கேக்கல... அது இப்ப என்னத்துக்கு? நீ இங்க வந்தா ஒருத்தி வாசல மிதிக்க மாட்டா. கடையில சாமான் குடுக்க மாட்டான். பச்ச ஒடம்போட அதெல்லாம் பாத்துக்கிட்டு கெடப்பியா நீ?"

"டவுன்ல பெத்துக்கிடுதேன். பெரியாஸ்பத்திரி இருக்குல்லா."

"பாக்குததுக்கு நான் வரணும்லா மக்ளே?" சூசைமேரியின் குரல் இறங்கியது. "நான் வந்தா எங்களயும் தள்ளி வச்சிருவாவ. ஒந்தம்பி அந்தோணிமுத்துவ எந்தப் போட்டுலயும் ஏத்த மாட்டாவ."

"அதச் சொல்லு."

"எத?"

"கடைசியாச் சொன்னியே, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா."

அம்மா அழுதாள். அல்லது மூக்கை உறிஞ்சினாள். மகளுக்காகக் கையெழுத்துப் போட்டாளா, மகனுக்காகப் போட்டாளா? இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் பெனிட்டா ஒத்துக்கொண்டிருப்பாள். அம்மாவிடம் அப்படி விட்டுக்கொடுக்க முடியவில்லை. அழுகையைக்கூடக் காதில் வைத்து நிறுத்துப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. போனை வைத்துவிட்டு எதிரே இருந்த டிராவல்ஸ் கடைக்குள் போனாள். ஜெரினின் கார்டுதான் கைப்பையில் இருந்தது. அதை நீட்டினாள்.

ஃபீனிக்ஸ் பே துறைமுக வாசலில் காவலாளி பாஸ் கேட்டான். அவள் முந்தானையைச் சரிசெய்து வயிற்றைக் காட்டியபடி நின்றாள். அவன் கையைக் காட்டி உள்ளே விட்டுவிட்டான். தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி, ஓரமாக ஒரு டூரிஸ்ட் போட்டு படகுத்துறை ஜெட்டியோடு ஒட்டிக் கட்டிக் கிடந்தது. அதன் மேல்தட்டில் ஜெரினோடு வேலை பார்க்கும் முருகானந்தம் டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசைக்காரர். அவளைக் கண்டதும் எழுந்து, போட்டில் கால் வைக்க ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

"பாத்தும்மா, பாத்து. என்ன இவ்வளவு தூரம்? கூப்பிடட்டா?"

வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தவர், டீ கிளாஸை எடுத்துக்கொண்டு, ஜெட்டியின் மறுகோடிக்கு வேலை இருப்பவர் மாதிரி நடந்துபோனார்.

இன்ஜின் அறையின் சதுர மூடி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஜெரின் எங்கேயோ அடியில் படுத்துக்கிடந்தான். டீசல் வாடை அடித்தது. பெனிட்டா மெல்ல மெல்லக் கீழே உட்கார்ந்தாள். வயிறு ஒரு பக்கம் உருண்டு சமாதானமானது.

"பதினாலாம் நம்பர் குடுங்கண்ணே" என்றது உள்ளேயிருந்து வந்த குரல். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்து விரிந்தது. உள்ளங்கை முழுக்கக் கரி. நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பதினோரு பேரைக் கரைக்குக் கொண்டுவந்த கை என்று நினைத்தாள். அடுத்த நொடியே, கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி தன் தட்டில் சோறு போட்டுக்கொண்ட கை என்றும் நினைத்தாள்.

ஸ்பேனர்கள் வரிசையாகக் கிடந்தன. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. தன் கையை அந்தக் கையில் வைத்தாள்.

விரல்கள் பழக்கத்தில் மூடின. இரும்பு இல்லை என்று கண்டு தயங்கின. பெருவிரல் வளையலைத் தொட்டது. நின்றது.

"டிக்கெட் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை. எனக்கும் சோபியாவுக்கும்" என்றாள் பெனிட்டா. "ஊருக்கில்ல, டவுனுக்கு. டாக்டரு லெட்டரும் குடுத்துட்டாங்க. உபதேசியாரு எல்லாம் சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எங்கம்மாட்ட கையெழுத்து நீங்க கேட்டீங்களா, அவங்களா போட்டாங்களா?"

உள்ளே எங்கோ டீசல் சொட்டுவது கேட்டது. அவன் மூச்சு கேட்டது. ஹேவ்லாக் தீவுக்குப் போகிற கப்பல் நீளமாக ஊதிவிட்டு நகர்ந்தது. அதன் அலை வந்து போட்டைத் தூக்கி ஜெட்டியில் மோதியது. அவள் சாய்ந்தாள். அவள் விழாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் அந்தக் கை இறுகியது. பிறகு தளர்ந்தது. ஆனால் விடவில்லை. மேலே ஏறியும் வரவில்லை. அடுத்த அலை வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். கறுப்பு கிரீஸ் அவள் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு ரேகைகளில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.