பதினாலாவது கேள்வியும் ஒரு கப் காரப்பொடியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை இல்லை. ஒரு படிவத்தில் தப்பாக டிக் போட்டதற்குப் பரிகாரமாக எழுதுகிறேன்.

வேலையில்லாமல் இருந்த ஆறு மாதம் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். மாசக் கடைசியில் சாப்பாட்டுக்கு இழுபறியாகிற வீடுகள் பொருட்களை எங்கே வாங்குகின்றன என்று கணக்கெடுப்பு. மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. அதில் பதினாலாவது: ‘உங்கள் வீட்டுக்கான உணவுப் பொருட்களைப் பெரும்பாலும் எங்கே வாங்குகிறீர்கள்? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.’ கீழே ஐந்து கட்டம். ரேஷன் கடை, மளிகைக் கடை, சந்தை, சூப்பர் மார்க்கெட், மற்றவை (குறிப்பிடவும்). கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில், குறிப்பிடுவதற்காக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு.

திருவிடந்தையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு காலனியில் ரெபேக்காளிடம் இதைக் கேட்டேன். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் தரை துடைக்கிறாள். கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள்.

“ஒண்ணுன்னா எப்டிக்கா? இன்னிக்குத் தேதி இன்னா, கெழம இன்னா, அத்த மொதல்ல சொல்லு.”

எனக்கு அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி. ரேஷன் கடைக்கு நேரே டிக் போட்டேன். பேனாவால் போட்டேன். அதற்கப்புறம்தான் அவள் கப் கதையைச் சொன்னாள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் அல்லாடினேன். நீங்களும் பாருங்கள்.

‘ரெபேக்காளின் அடுப்பில் பூனை —’ நிறுத்து. அவள் வீட்டில் கேஸ் அடுப்பு, தினமும் எரிகிறது. இப்படி ஆரம்பித்தால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள், அப்புறம் உங்களைச் சிரிக்க வைக்க நான் படாத பாடு படவேண்டும்.

‘உணவுப் பாதுகாப்பு என்பது ஒரு குடும்பத்தின் —’ இது கட்டுரை. எனக்கே கொட்டாவி வந்தது.

‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிநேகா கப்போடு வீட்டுக்கு வந்தாள்.’ ஆங், இதுதான். இதை எழுதியதும் நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வாருங்கள், போவோம்.

3

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிநேகா கப்போடு வீட்டுக்கு வந்தாள். சிநேகா ரெபேக்காளின் ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூட வாலிபால் டீமில் ஆடுகிறாள். டீமில் எட்டுப் பெண்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்து வாங்கிய கப். தங்க நிறம், இரண்டு பக்கமும் கைப்பிடி, சின்ன வாளி அளவுக்கு வாய்.

அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். கப் முறை வைத்து ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு வாரம் தங்கும். எந்த வீட்டில் இறங்குகிறதோ, அந்த வீட்டில் மறுநாள் மத்தியானம் டீம் மொத்தத்துக்கும் சோறு. கேப்டன் அனுவின் வீட்டார் நாவலூரில் மெஸ் வைத்திருக்கிறார்கள், அங்கே சிக்கன் ரைஸ் ஆயிற்று. இன்னொருத்தி வீட்டில் தக்காளி சாதமும் அப்பளமும். ஹெலனின் முறை வந்தபோது மட்டும், எங்க வூட்ல வெள்ளையடிக்கிறாங்க, அடுத்த ஆளுக்குக் கொடுங்க என்றாள். அடைமழைக் காலத்தில் யார் வெள்ளையடிப்பார்கள்? ஆனாலும் ஒருத்தியும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கப் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

“யாருமே கேக்கல மா,” என்றாள் சிநேகா. “அதான் எனக்கு பேஜாரா கீது.”

ரெபேக்காள் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதி இருபத்தெட்டு. அரிசி இருக்கிறது, ரேஷன் அரிசி, எட்டு வயிற்றுக்குத் தாராளமாகக் காணும். சோற்றின் மேல் ஊற்ற எதுவும் இல்லை. பருப்பு டப்பாவைத் திறந்தால் டப்பாதான் இருந்தது. எண்ணெய் போன வாரமே தீர்ந்திருந்தது.

“வரச் சொல்லு,” என்றாள். “ஒரு மணிக்கு.”

(கையில் எவ்வளவு வைத்திருந்தாள் என்று எழுதப் போவதில்லை. அவள் கைப்பையை உங்கள் முன்னால் கவிழ்த்துக் காட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. எட்டுப் பேருக்குக் கோழி வாங்குகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.)

3-க்கு ஓர் அடிக்குறிப்பு, அடியில் வைக்க மனமில்லாமல் இங்கேயே

* ரெபேக்காள் எங்கே வாங்குவாள்? மாசம் பிறந்து பத்து நாள் வரைக்கும் கேளம்பாக்கத்து மளிகைக் கடை, அங்கே அவள் மகாராணி, சோம்புகூட வாங்குவாள். அப்புறம் ரேஷன். செவ்வாய்ச் சந்தையில் வியாபாரி சாக்கைச் சுருட்டுகிற நேரம் பார்த்துப் போனால், தக்காளி காலையில் விற்றதில் பாதி விலைக்குக் கூறாக வந்துவிடும். நாவலூர் சூப்பர் மார்க்கெட்டில் கடைசித் தேதி நெருங்கிய ரொட்டியை ஒரு கூடையில் போட்டு வைப்பார்கள், அந்தக் கூடை எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆபீஸ் கேன்டீனில் மூன்று மணிக்கு மேல் மிஞ்சிய பொங்கல். எதுவும் ஆகாத நாளில் வாய்க்கால் கரையில் முருங்கைக்கீரை. இவள் தலைக்குள் ஒரு பெரிய வரைபடம் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அதன்மேல் ஒரே ஒரு டிக் போட்டேன். நினைத்தால் இன்னமும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

4

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனில் சேதி வந்தது. ரேஷன் கடைக்குப் பருப்பும் பாமாயிலும் வந்துகீது.

ரெபேக்காள் ஓடினாள். பின்னாலேயே சிநேகா, கையில் கப்போடு. ‘அத்த வூட்ல வெச்சுட்டு வாடி’ என்றதற்கு அவள் காது கேட்கவில்லை. நேற்று ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்கியவள், இப்போது மட்டும் விட்டுவிட்டு வந்துவிடுவாளா?

கடையில் முன்னால் முப்பது பேர். சேல்ஸ்மேன் லோகு மெஷினைக் கையில் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டிக்கொண்டிருந்தான். சர்வர் கிடைக்கவில்லை. எப்போது கிடைக்கும் என்பது அவனுக்கும் தெரியாது.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் நிற்கவேண்டியதில்லை, பை நின்றால் போதும். வரிசை நகரும்போது பின்னால் இருக்கிறவள் முன்னால் இருக்கிற பையைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிடுவாள். பையைத் தாண்டிப் போக யாருக்கும் துணிச்சல் வராது, மீறினால் மொத்தக் காலனியும் கிழித்துவிடும். ரெபேக்காளும் பையைக் கீழே போட்டாள், பறந்து போகாமல் இருக்க உள்ளே ஒரு அரைச் செங்கல் வைத்தாள். பின்னால் நின்ற சாரதாம்பாளிடம், “கொஞ்சம் தள்ளிக்கினே இரு, தோ வந்துட்றேன்” என்றுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

ஏன் கடற்கரை? பருப்பு கிடைத்தால் சாம்பார் ஆச்சு, எண்ணெய் கிடைத்தால் தாளிப்பு ஆச்சு. ஆனால் மெஷின் கண் திறக்கவில்லை என்றால்? ஒரு கடையை மட்டும் நம்பி அவள் ஒருநாளும் சோறு வடித்ததில்லை.

5

குப்பத்து மணலில் ஏலம் முடிந்திருந்தது. நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறிப் போயாயிற்று. மிஞ்சியது பொடி மீன், அதை வாரிக்கொண்டு போகக் கோழித் தீவன லாரி பத்து மணிக்கு வரும். ஏலத்துக்கும் லாரிக்கும் நடுவில் இருக்கிற அந்த அரைமணி நேரம் ஒரு கடை. போர்டு கிடையாது, கதவு கிடையாது. அந்தக் கடையின் முதலாளி வச்சலா, மீன் வியாபாரி. புயல் அடித்துக் குப்பம் ஒரு வாரம் கடலுக்குப் போகாமல் கிடந்தபோது, ரெபேக்காள் ஒரு கூடை கீரையும் ஒரு பை அரிசியும் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தவள். அதைப் பற்றி இருவரும் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை.

“எத்தினி பேரு?” என்றாள் வச்சலா.

“எட்டுப் பொண்ணுங்க. வாலிபால் ஆட்றவளுங்க.”

“அப்ப பதினாறுன்னு வெச்சுக்கோ.” காரப்பொடியை இரண்டு கையாலும் அள்ளிக் குவித்தாள். சின்னச் சின்ன வெள்ளி மீன், வெயிலில் மின்னிற்று. “லாரிக்காரன் குடுக்குற வெலய குடு, போதும். பைய நீட்டு.”

ரெபேக்காள் இடுப்பில் கை வைத்தாள். பை இல்லை.

பை இல்லாமல் வாசல் தாண்டாதவள். இருபது வருஷமாக இடுப்பில் பை செருகாமல் ஒருநாள் வெளியே போனதில்லை. அந்தப் பை இப்போது ரேஷன் வரிசையில் அவளுக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கென்று முந்தானையில் கட்டிக்கொள்ளச் சேலையும் இல்லை, நைட்டிமேல் ஒரு கைத்துண்டு. வச்சலாவின் அன்னக்கூடைகள் எல்லாம் விலையான மீனோடு இருந்தன. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது.

6

இந்த இடத்தில் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன்.

முதலில் எழுதியது: ரெபேக்காள் மகளின் கப்பைப் பார்க்கிறாள். கேட்கத் தயங்குகிறாள். சிநேகா கப்பை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அவள் கண்ணில் நீர் —

இதைப் போனில் படித்துக் காட்டினேன். எதிர்முனையில் ரெபேக்காளுக்குக் கோபம்.

“அவ எங்கக்கா அழுதா? நான்தான் பேந்தப் பேந்த முழிச்சினு நின்னேன். அவ கப்ப மணல்ல வெச்சா. வச்சலாவாண்ட ‘இதுல எவ்ளோ புடிக்கும்’னா. அவ்ளோதான்.”

“அவ்வளவுதானா? பதினாலு வயசுப் பொண்ணு, ஆசை ஆசையாத் தூக்கிக்கிட்டுத் திரியற கப்பு —”

“ஒண்ணு கேட்டா. ‘நாத்தம் போவுமா மா’ன்னு. புளி போட்டுத் தேச்சா போவும்னேன். ‘போவலன்னா?’ன்னா. அப்புறம் அவளே போட்டுக்கினா மீன.”

அதனால் சிநேகாவை மாற்றி எழுதியிருக்கிறேன். முதலில் நான் அவளை நம்பவில்லை. தப்பு என்னுடையது.

கப் நிறைந்து, மேலே கூம்பாகக் குவிந்தது. ‘மாவட்ட அளவில் முதலிடம்’ என்ற எழுத்தின்மேல் செதில் ஒட்டியிருந்தது. ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஈ.சி.ஆர் சாலையில் பஸ்ஸில் போன சுற்றுலாக்காரர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

7

கடையில் சர்வர் வந்திருந்தது. வரிசை உருகி, செங்கல் வைத்த பை கிட்டத்தட்ட வாசலுக்கே வந்திருந்தது. சாரதாம்பாள் தள்ளித் தள்ளியே கால் கட்டைவிரல் சிவந்துபோனதாகச் சொன்னாள். பாவம், நிஜமாகவே சிவந்திருந்தது.

ரெபேக்காள் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். ஏற்கவில்லை. தரை துடைக்கிற ஆசிட் அந்த விரலின் ரேகையை எப்போதோ தின்றுவிட்டது. போதாததற்கு இன்று மீன் செதில் வேறு.

“கார்டுல வேற யாரு பேரு கீது?” என்றான் லோகு.

“புருசன் மதுராந்தகத்துல பெயின்ட் அடிச்சினுகீறாரு. இவ பேரு கீது.”

“அப்ப இவ வெக்கட்டும்.”

“அண்ணாத்த, இத்தக் கொஞ்சம் புடி,” என்று சிநேகா கப்பை லோகுவிடம் நீட்டினாள். லோகு மீன் நிறைந்த கப்பை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டான். வரிசையில் யாரோ போட்டோ எடுத்தார்கள். சிநேகா பாவாடையில் விரலைத் துடைத்து மெஷினில் வைத்தாள். இரண்டு வருஷமாகப் பந்தை அடித்து அடித்துத் தோல் தடித்த விரல்.

பச்சை விளக்கு எரிந்தது. எழுதும்போது நானே கைதட்டினேன், வெட்கமில்லை.

8

ஒரு மணிக்கு எட்டுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஹெலனும் வந்திருந்தாள். காரப்பொடிக் குழம்பு, பருப்பு, பாமாயிலில் மொறுமொறுவென்று பொரித்தது கொஞ்சம். வச்சலா சொன்னது பலித்தது, பதினாறு பேர் சாப்பாடு சாப்பிட்டார்கள். சோறு மறுபடி ஒரு உலை வைக்கவேண்டியதாயிற்று.

கடைசியில், எல்லாரும் போனபின், காலிச் சட்டியை வழித்தபடி ரெபேக்காள் தனியாக —

“அத்த அடி,” என்றாள் ரெபேக்காள் போனில். “என்னியப் பட்டினி போட்டுக் கதைய முடிக்கப் பாக்குறியா? நானும் அதுங்ககூட குந்திச் சாப்ட்டேன். ரெண்டு தட்டு. அத்த எழுது.”

அடித்துவிட்டேன். ரெபேக்காள் எட்டுப் பெண்களோடு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். இந்தக் கதையில் இனி யார் எதை மாற்றினாலும் இந்த ஒரு வரியை மாற்றக்கூடாது.

9

ஒன்றே ஒன்று பாக்கி. கப்.

புளி போட்டு மூன்று முறை தேய்த்தாள் சிநேகா. பளபளப்பு வந்தது, வாசனை போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கேப்டன் அனு எழுந்து, வழக்கப்படி கப்பைத் தலைக்கு மேலே தூக்கினாள். பாதியிலேயே கையை நிறுத்தினாள். கப்பை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். சிநேகாவின் முகம் செத்துப்போயிற்று. ரெபேக்காள் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. அனு ஹெலனைப் பார்த்தாள், சிநேகாவைப் பார்த்தாள், அப்புறம் ஏதோ சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று ரெபேக்காளிடம் நாலு முறை கேட்டுவிட்டேன்.

“அதுங்க டீம் விசயம் அது. சொன்னா சிநேகா திட்டுவா,” என்று சிரிக்கிறாள். “ஆனா ஒண்ணு. அடுத்த வாரம் கப்பு ஹெலன் வூட்ல எறங்குச்சு. வெள்ளையடிக்கிறதுக்கு முந்தியே.”

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படிவத்தில் அந்த டிக் இன்னமும் ரேஷன் கடைக்கு நேரே இருக்கிறது, அதைத் திருத்த இனி யாரும் விடமாட்டார்கள். ஆனால் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கோடு இருந்ததே, நினைவிருக்கிறதா? அதில் எழுத இடம் போதாமல்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். மிச்சம் இருக்கிற கோட்டை உங்களிடம் தருகிறேன். அந்தப் பெண்களோடு நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தானே. நிரப்புங்கள்.

அனு கப்பைக் கீழே வைக்காமல் சொன்னாள்: “______________________”