எந்தக் கூச்சம்?

கிளாரினெட் வாசிப்பவருக்கு மேல்வரிசை முன்பல் வெறும் பல் அல்ல, இன்னொரு காது. ஊதுமுனையை அதில் பதித்து ஊதினால் சுரத்தின் அதிர்வு நேரே மண்டைக்குள் ஏறும். சுருதி பிசகினால் காதை முந்திக்கொண்டு பல் சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட பல்லை ராவி, உறை மாட்டப் போவதாக மச்சினி சொன்னதும், நாற்காலியில் மல்லாந்திருந்தவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். மச்சினிதான் பல் டாக்டர்.

"சில்லுனு தண்ணி குடிச்சா உயிர் போகுதுன்னு வந்தேன். அதுக்கு முன்பல்லு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"நானா சொன்னேன்? அந்தப் பல்லத் தொட்டதும் 'கூசுது, கூசுது'ன்னு துள்ளினது நீங்கதான மாமா? வாத்தியம் வச்சு வச்சு தேஞ்சு வேற கெடக்கு."

"கூசுச்சு, சொன்னேன்."

"எங்க கூசுச்சு?"

அவருக்குக் கூசியது நிஜம். எங்கே என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

"இரு, இரு. மறுபடி தொடு."

கம்பி பல்லில் பட்டது. தலைக்கு மேலிருந்த விளக்கு முகத்தில் அறைந்தது. கூசியது கண்! இறுக மூடிக்கொண்டார். இன்னும் எங்கோ கூசியது. மூச்சை அடக்கிக் கவனித்தார். கையுறை மாட்டிய விரல் உதட்டோரம் மீசை முடியை நிமிண்டிக்கொண்டிருந்தது.

"விரல எடு தாயே! கண்ணு கூசுது, உதடு கூசுது. பல்லு பாட்டுக்கு சிவனேன்னு இருக்கு."

மச்சினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லவேளை, மச்சினி முன்னாடி வாயத் தெறக்கக் கூசுதுன்னு சொல்லாம விட்டீங்களே!"

"அதுவும் கொஞ்சம் இருந்துச்சு."

அவள் விளக்கைத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு பல்லாகக் குளிர்ந்த நீரைச் சொட்டினாள். முன்பல்லில் வெறும் குளிர்ச்சி. அடுத்ததிலும் அப்படியே. கடைவாய்க்குப் போனதும் சுருக்கென்று ஓர் ஊசி நெற்றிப்பொட்டு வரை பாய்ந்தது.

"ஐயோ! இதுதான்! இதேதான்மா!"

வெளியே காத்திருந்த மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "வலிச்சா அழுவாங்க. நீங்க என்ன, பரிசு விழுந்த மாதிரி கத்துறீங்க?"

"சொத்தை கடைவாயிலக்கா. அடச்சிடலாம். முன்பல்லு தப்பிச்சிருச்சு, மாமா நாளைக்கே வாசிக்கலாம்."

"போச்சுடா! ஒரு வாரமாச்சும் வீடு அமைதியா இருக்கும்னு நெனச்சேனே," என்று மனைவி மோவாயில் கை வைத்தாள்.

அதற்குள் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டாள் மச்சினி. அவர் புருவத்தை மட்டும் ஒய்யாரமாக உயர்த்திக் காட்டினார்.