டாக்டரைத்தான் பார்க்கணும்

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் 'செக்கிங் சார்'தான். யார் எதைச் சொன்னாலும் "எழுத்துல இருக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்கள் மற்ற வீடுகளுக்கு எப்படிப் போனாலும், இவர் வீட்டுப் படி ஏறும் முன் அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மாதமாகத் தலைசுற்றல். உட்கார்ந்து எழுந்தால் சுவர் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டி நிமிர்ந்தவர், செருப்பு ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசிப் பழகியதால் எதையும் சுருக்கமாகத்தான் சொல்வார். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், கணவரைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், ஊசிகளை எடுத்து முந்தானையில் குத்தினார்.

"கிளம்புங்க."

"ஒண்ணுமில்ல, லேஸ்..."

"கிளம்புங்கன்னேன்."

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. பெரியதெல்லாம் இல்லை, ஒரு நீளமான நடை, அதன் இரு பக்கமும் அறைகள், வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். பதிவு போடுவது அவள்தான்.

"டாக்டரைப் பார்க்கணும்," என்றார் பரிசோதகர்.

"என்ன பண்ணுது சார்?"

"அதை டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"என்கிட்ட சொன்னா யார்கிட்ட அனுப்பணும்னு பார்ப்பேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதையே கேட்பார்கள்போல. "டாக்டருக்குப் பதினொன்றரை வரைக்கும் ஆள் இருக்கு சார். நர்ஸம்மா இப்பவே பார்ப்பாங்க. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்னா வரிசையில நிக்க வைக்காம உள்ள அனுப்பணும்னு உத்தரவு. அதான் கேக்கிறேன்."

"உத்தரவு எழுத்துல இருக்கா?"

கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவர் இருமினார், அது நோயால் வந்த இருமல் இல்லை.

"தலை சுத்தி விழுந்துட்டாரும்மா," என்று மனைவி முடித்துவைத்தார். "ஸ்டாண்டு உடைஞ்சிடுச்சு."

"ஸ்டாண்டு எதுக்கு இப்ப?"

"மூணாவது கதவு சார்," என்றாள் பதிவுப் பெண்.

நர்ஸ் நாற்பது வயதைத் தாண்டியவர், கை வேகமும் வாய் வேகமும் ஒன்றுதான். அவரைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார். "படுத்திருக்கும்போது நூத்திப் பதினெட்டு. நின்னதும் தொண்ணூத்திரண்டு. தலை சுத்தாம என்ன செய்யும்?" பிறகு குனிந்து அவர் சாக்ஸைக் கீழே தள்ளினார். கணுக்காலில் கயிறு கட்டியதுபோல் ஆழமான தடம்.

"கால் எப்பருந்து வீங்குது?"

"ஷூ சின்னதாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அறுபத்தாறு வயசுக்கு மேல கால் வளருதுன்னு நினைச்சீங்களா? சரி, என்னென்ன மாத்திரை போடறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு, வெள்ளை டப்பா. ரெண்டு மாசம் முன்னாடி குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு, அப்ப அந்த ஆஸ்பத்திரியில கொடுத்தது நீல டப்பா."

நர்ஸ் அவரை உட்காரச் சொல்லிவிட்டு எதிர் அறைக்குப் போய், நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தார். "ரத்தம் எடுத்துடலாம். வீட்ல இருக்கிற மாத்திரை மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரணும். எங்க மருந்தாளுநர் ஒவ்வொண்ணாப் பார்ப்பாரு."

"அப்ப டாக்டர்?"

"நான் இப்ப பேசிட்டு வந்ததே டாக்டர்கிட்டதான் சார்."

மனைவி பையெடுக்க வீட்டுக்கு விரைந்தார். பரிசோதகர் ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனார். அங்கே இருந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். அதன் பிறகு அவள் கவனமெல்லாம் அவருடைய இடது முழங்கையின் உட்பக்கத்தில்தான். ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தட்டித் தட்டி நரம்பைத் தேடினாள்.

"கையை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க சார். ஏதாவது பேசுங்க, தளர்ந்துடும்."

"என்ன பேசறது?"

"எதுவேணா."

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார்.

அவள் நிமிரவில்லை. "ம்."

"தலைசுத்துதுன்னுதான் சொன்னான். மூளையில கட்டி. ஏழே மாசம்."

"ம்."

"அவனைவிட நான் ரெண்டு வயசு சின்னவன். இப்ப அவன் போன வயசு எனக்கு."

ஒரு மாதமாக டாக்டரிடம் மட்டுமே சொல்வது என்று பூட்டிவைத்திருந்த விஷயம் அது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட ஒத்திகை பார்த்திருந்தார். தன் முகத்தையே பார்க்காமல், கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அது தானாகக் கொட்டிவிட்டது. ஊசி எப்போது இறங்கியது என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது குப்பி நிறைந்துகொண்டிருந்தது.

"வீட்ல தெரியுமா சார்?"

"அண்ணன் போனது தெரியும். நான் ராத்திரி பகலா இதையே நினைச்சிட்டிருக்கேன்னு தெரியாது."

பஞ்சை வைத்து அழுத்தி, அவர் கட்டைவிரலை அதன்மேல் வைத்துவிட்டு, இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "இதை நான் டாக்டர்கிட்ட சொல்லட்டுமா? வேண்டாம்னா சொல்லல."

அவர் பஞ்சைப் பார்த்தார். "சொல்லும்மா," என்றார்.

மனைவி கொண்டுவந்த துணிப்பையை மருந்தாளுநர் மேசையில் கவிழ்த்தார். குள்ளமான, பொறுமையான மனிதர். தேதி முடிந்த கண் சொட்டு மருந்து, தைலம் இரண்டு, எதற்கு வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத சிரப், பக்கத்து வீட்டுப் பூனைக்கு வாங்கிய களிம்பு. பூனைக் களிம்பைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, "இது சார் போடறதில்லையே?" என்று ஒரு சந்தேகத்துக்குக் கேட்டுக்கொண்டார். பிறகு வெள்ளை டப்பாவையும் நீல டப்பாவையும் அருகருகே வைத்தார்.

"தினமும் ரெண்டும் போடறீங்களா?"

"ஒருநாள் விட்டதில்ல."

"பேரு வேற, கம்பெனி வேற. பேருக்குக் கீழே சின்ன எழுத்துல என்ன இருக்குன்னு படிங்க சார்."

அவர் படித்தார். இரண்டிலும் ஒரே சொல். ஒரே அளவு.

"ஒரே மாத்திரையை ரெண்டு மாசமா ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. பிரஷர் இறங்கினதும் அதனாலதான், கால் வீங்கினதும் பெரும்பாலும் அதனாலதான்."

"பழசை நிறுத்தச் சொல்லி அந்த ஆஸ்பத்திரியில யாருமே சொல்லலையே!"

ஆபரேஷன் முடிந்து கொடுத்த சீட்டும் பையில்தான் இருந்தது. மருந்தாளுநர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். 'வீட்டில் உள்ள பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்தவும்' என்று தெளிவாக இருந்தது.

பரிசோதகரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "டிக்கெட்டுக்குப் பின்னாடி படிக்கலன்னு எத்தனை பேருக்கு அபராதம் போட்டிருப்பீங்க?"

"சிரிக்காத."

"சிரிக்கல."

மருந்தாளுநர் டாக்டரிடம் போனில் பேசி, வெள்ளை டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். "இனிமே நீலம் மட்டும். ஒரு வாரம் கழிச்சு நர்ஸ்கிட்ட வந்து பிரஷர் பாருங்க. அதுவரைக்கும் படுக்கையைவிட்டு மெதுவா எழுந்திருங்க. இப்ப டாக்டரம்மா உங்களைக் கூப்பிடறாங்க."

தலைசுற்றலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இனி டாக்டரிடம் என்ன கேட்பது என்று அவருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க அண்ணனைப் பத்திச் சொல்லுங்க," என்றார்.

மனைவி சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார்.

இந்த முறை சொல்வது சுலபமாக இருந்தது. டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், தரையோடுகளின் கோட்டில் நேராக நடக்கவிட்டார். கீழே விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று மனைவியிடம் கேட்டார். இல்லை, இடுப்பில்தான்.

"அண்ணனுக்கு வந்த மாதிரி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியல. மாத்திரை குறைஞ்சதும் சரியாயிடும்னு நினைக்கிறேன். ரெண்டு வாரத்துல நிக்கலன்னா ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுவோம். பயத்தை வீட்ல பொத்தி வெச்சுக்காதீங்க. இங்க யார்கிட்ட சொன்னாலும் எனக்கு வந்து சேரும்."

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு," என்றார் அவர்.

"தெரியும்," என்று சிரித்தார் டாக்டரம்மா.

தெருமுனை வந்ததும் மனைவி நின்றார்.

"முப்பத்தெட்டு வருஷமாக் கூட இருக்கேன். என்கிட்ட சொல்லத் தோணல. மூணு நிமிஷம் ரத்தம் எடுத்தவகிட்ட சொல்லியிருக்கீங்க."

"உன்கிட்ட சொன்னா நீ அழுவே."

"அழுதா என்ன? அழுதுட்டு ஒரு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பேன்."

அவர் மனைவியின் கையிலிருந்த துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பஞ்சு ஒட்டாத கையை.

பத்து நாளில் தலைசுற்றல் நின்றது. கால் வீக்கமும் வடிந்தது. இடுப்பு வலிக்குப் பிசியோதெரபி பையன் ஒருவன், சமையலறைத் தொட்டியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிக்கொடுத்தான். காலையில் இவர் நிற்பார். மனைவி தைத்துக்கொண்டே எண்ணுவார், வேண்டுமென்றே மெதுவாக.

அதற்கிடையில் ஒருநாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தவர் நேராகத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ரத்தப் பரிசோதனையில சுகர் கொஞ்சம் எல்லையில இருக்காம். சாப்பாட்டு ஆலோசகர்னு ஒருத்தர் இருக்காராம், அவரைப் பார்க்கச் சொல்றாங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

மனைவி மெஷினை நிறுத்தினார்.

"எத்தனை மணிக்கு?"

"நாலு."

"மூணரைக்குக் கிளம்பலாம்," என்று சொல்லி, பாதி தைத்த சட்டையை மடித்து வைத்தார்.