லீட்ஸுக்குப் போன கலியாணச் சட்டை

பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் கரிகாலனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது என்பது லா சப்பல் பகுதி முழுவதற்கும் தெரியும். தெரிந்துதான் ஆட்கள் அவரிடம் போவார்கள். தேருக்கு வடம் பிடிக்க ஆள் குறைகிறதா, பழைய சோபா ஒன்றை வேனில் ஏற்ற வேண்டுமா, மகனின் பிறந்தநாளுக்கு மேசை கதிரை இரவல் வேண்டுமா, கரிகாலன் இருக்கிறார். "அதுக்கென்ன" என்று தொடங்கி "ஓம்" என்று முடிப்பார். இடையில் என்ன கேட்டார்கள் என்பது அவர் காதில் விழுந்ததா என்பது வேறு கதை.

அதே ஓமைத்தான் சித்திரை மாதத்தில் ஒருநாள் மனைவிக்கும் சொன்னார்.

நிரோஜினியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் பாவம் வந்து சேரும். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்தக் கடையின் தராசுக்குப் பின்னால் நின்றவர். முப்பத்தாறு வயதில், மகள் சாம்பவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கத் திணறியபோது உதவி செய்யப் புத்தகத்தைத் திறந்தவர், பிறகு மூடவேயில்லை. காலையில் கடை, மத்தியானத்துக்குப் பிறகு மெத்ரோ பிடித்து சென் தெனி பல்கலைக்கழகம். ஆங்கில இலக்கியமாம். ஒரு மாதம் தாங்காது என்றது தெரு. ஒரு வருடம் தாங்கியதும், "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள், கெட்டிக்காரி" என்றது அதே தெரு. ஒரு காதில் விரிவுரை ஓட, மறு காதால் "அரைக் கிலோ பயித்தங்காய்" என்பதைக் கேட்டு நிறுத்துக் கொடுப்பார். நிறை ஒருநாளும் பிழையானதில்லை. குறை சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

மூன்றாம் வருடத்தில், ஒரு செமெஸ்டர் இங்கிலாந்தில் போய்ப் படிக்க ஆள் தெரிவுசெய்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நிரோஜினியின் பெயரும் வந்தது. ஊர் லீட்ஸ்.

"செப்டெம்பரிலை போனால் தை மாசம்தான் திரும்பலாம்," என்றார் நிரோஜினி. "போகட்டோ?"

கரிகாலன் கத்தரிக்காய்ப் பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன, போமன். ஓம்."

நிரோஜினி பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார். "உந்த ஓமைத்தானே எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்."

கரிகாலன் சிரித்தார். நிரோஜினி சிரிக்கவில்லை.

செய்தி மேல்மாடியில் சட்டை தைக்கும் தில்லைநாயகிக்குப் போனது. தில்லைநாயகிக்குப் போனால் கார் து நோர் புகையிரத நிலையம் வரை போய்விட்டது என்று அர்த்தம். போகும் வழியில் லீட்ஸ் என்பது கழன்று விழுந்து லண்டன் ஆகிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. லா சப்பல்காரர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு ஊர்தான். அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு தங்கச்சி, ஒரு மச்சான், குறைந்தபட்சம் கதைபேச்சு இல்லாத ஒரு சித்தப்பா இருப்பார்.

லண்டனுக்கு ஒரு ஆள் போகிறது என்று தெரிந்தால், அந்த ஆளின் கையில் ஒரு பார்சல் கொடுத்துவிடாமல் இருப்பது மரியாதை இல்லை. தபாலில் அனுப்பலாம்தான். ஆனால் தபாலில் வந்த மிளகாய்த்தூளுக்கு ஒரு பாசமும் கிடையாது. பாரிஸிலிருந்து லண்டனுக்கு மிளகாய்த்தூள் போகும், லண்டனிலிருந்து பாரிஸுக்கு மிளகாய்த்தூள் வரும். இரண்டும் யாழ்ப்பாணத்தில் ஒரே மில்லில் அரைத்ததாக இருந்தாலும் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆவணி மாதம் முழுக்கக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா வந்தது. பார்மசியில் வாங்கிய முழங்கால் தைலம் வந்தது. ஒரு குத்துவிளக்கு, துணியில் சுற்றி, குழந்தையைப் போல வந்தது. இடியப்ப உரல் வந்தது, தமிழ்க் கடைகள் நிறைந்த லண்டன் டூட்டிங்கில் இடியப்ப உரலே கண்டறியாததுபோல. ஒவ்வொருவரிடமும் கரிகாலன், "அதுக்கென்ன, வைச்சிட்டுப் போங்கோ" என்றார். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சிறு மலை எழும்பியது.

"பாப்பா, சே பா லோந்ர்!" என்று பிரெஞ்சில் கத்தித் தலையில் கைவைத்தாள் சாம்பவி. "அது லண்டன் இல்லை, லீட்ஸ்!"

"எல்லாம் ஒரே பக்கம்தானே, பிள்ளை," என்றார் அப்பா.

கடைசியாக வந்தவர் தில்லைநாயகி. டூட்டிங்கில் இருக்கும் தங்கை அஜந்தாவின் மகளுக்கு, நிரோஜினி போய் ஒரு கிழமை கழித்து வரும் சனிக்கிழமை கலியாணம். கூறைச் சேலைக்குப் போடும் சட்டையைத் தில்லைநாயகியே மணி வைத்துத் தைத்திருந்தார். அதைப் பெட்டியோடு கரிகாலனின் கையில் வைத்துவிட்டு, உடனே போகாமல் முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி கரிகாலன், நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதை. உந்தக் குளிருக்கையும் தனிமைக்கையும் அவள் தாங்கமாட்டாள். ரண்டு கிழமையிலை திரும்பி வந்திடுவாள், என்ன?"

"ஓம் அக்கா," என்றார் கரிகாலன்.

வாய் தன்பாட்டில் சொன்னது. சொல்லி முடித்தபின்தான், பின்னறைத் திரைச்சீலைக்கு அப்பால் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த நிரோஜினியின் கை நின்றுபோனது அவருக்குக் கேட்டது. கை நிற்கும் சத்தம் கேட்குமா என்றால், பதினேழு வருடம் ஒரு கடையில் ஒன்றாக நின்றவர்களுக்குக் கேட்கும்.

தில்லைநாயகி போனதும் நிரோஜினி வெளியே வந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் கரிகாலனுக்குப் பயம்.

"உதுக்குள்ளை என்ரை பெட்டி எது?"

"உம்மடை பெட்டி வீட்டிலை எல்லே..."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் யூனிவெர்சிட்டி ஒஃபீஸ் பூட்ட முதல் நான் லீட்ஸிலை நேரிலை போய்ப் பதியவேணும். பதியாட்டில் இடமும் இல்லை, அறையும் இல்லை. லண்டனிலை இறங்கி அடுத்த ட்ரெயின் பிடிக்கிறதுக்குக் கிடக்கிறது ஒரு மணித்தியாலம். அதுக்குள்ளை நான் உந்த உரலைக் குடுத்து, விளக்கைக் குடுத்து, தைலம் எப்பிடிப் பூசுறதெண்டு சொல்லிக் குடுக்கிறதோ?"

"எல்லாரும் ஸ்டேசனுக்கே வருவினம்..."

"அப்ப நீங்களும் வாங்கோ. ஓம் எண்டு வாங்கினது நீங்கள், காவுறதும் நீங்கள். லீட்ஸ் வரைக்கும் வந்து என்ரை அறையைப் பாத்திட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புங்கோ." திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் போனவர் திரும்பினார். "ஒண்டு கேக்கிறன். சித்திரையிலை எனக்குச் சொன்ன ஓமும் உந்த மூட்டைக்குப் பின்னாலைதான் கிடக்குதோ? மனமில்லாட்டில் இப்ப சொல்லுங்கோ. நான் போகேல்லை."

கரிகாலன் வாயைத் திறந்தார். வரப்போவது ஓமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. எந்தக் கேள்விக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதும் குழம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வாழைப்பூ கேட்டு வந்து அவரைக் காப்பாற்றினார்.

வெள்ளிக்கிழமை வரும்வரை அந்தக் கேள்வி அவர் பின்னாலேயே திரிந்தது. உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயம். தனியாகக் கடை, தனியாகச் சமையல், பிரெஞ்சில் வாய்காட்டும் மகள். இன்னொரு பயமும் இருந்தது, அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. இத்தனை படித்த பிறகு இந்தப் பெண் எதற்காகத் திரும்பி வந்து வெங்காயம் பொறுக்குவாள்? ஆனால் மற்ற நினைவும் வந்தது. பரீட்சை முடிவு வந்த அன்று, பெயரைக் கண்டதும் நிரோஜினி தராசில் இருந்த பாகற்காயை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிப்போய் நின்று மூச்சு வாங்கியது. அந்த முகத்தை அவர் கலியாணப் படத்தில்கூடக் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சாம்பவியைத் தில்லைநாயகியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் கார் து நோருக்கு நடந்தார்கள். நிரோஜினியின் கையில் ஒரே ஒரு பெட்டி. பின்னால் கரிகாலன், கலியாண வீட்டுக்குச் சாமான் ஏற்றிய வேன் போல. கடவுச்சீட்டுப் பார்க்கும் ஆங்கிலேய அதிகாரி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். நிரோஜினி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நிதானமாக, ஒரு சொல் தடுக்காமல். அதிகாரி முகம் மலர்ந்து வேறு ஏதோ கேட்க, அவரும் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். கரிகாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தானும் சிரித்தார். நெஞ்சு மட்டும் கொஞ்சம் அகலமானது.

லண்டனில் இறங்கியபோது ஒரு கூட்டமே காத்து நின்றது. உரல் போனது. விளக்கு போனது. தைலத்துக்கு வந்த கிழவர் முழங்காலைத் தூக்கிக் காட்டி வலி எந்த இடம் என்று விளக்கினார். ஒருவர், "இதைப் பாரிஸிலை எங்கடை மச்சானுக்கு..." என்று ஒரு பையை நீட்ட, பழக்க தோஷத்தில் கரிகாலனின் கையும் நீண்டது. நிரோஜினி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

எல்லாம் போய்க் கலியாணச் சட்டை மட்டும் மிஞ்சியது. தொலைபேசி அடித்தது. அஜந்தா.

"அண்ணை, ட்ரெயின் இடையிலை நிண்டுபோச்சு. ஒரு அரை மணித்தியாலம் நில்லுங்கோ. அக்கா சொன்னவா, நீங்கள் நிப்பியள் எண்டு."

நிரோஜினிக்குக் கேட்டுவிட்டது. தெருவைக் கடந்தால் மற்ற நிலையம். இன்னும் சில நிமிடங்களில் லீட்ஸ் வண்டி.

"நீங்கள் நிண்டு குடுத்திட்டு வாங்கோ," என்றார் மெதுவாக. "நான் போறன். எனக்குப் போகத் தெரியும்."

தெரியும்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நின்றால் யாருக்கும் கோபம் வராது. அஜந்தாவுக்கு வராது, தில்லைநாயகிக்கு வராது, நிரோஜினிகூட ஒன்றும் சொல்லமாட்டார். இனி ஒருநாளும் ஒன்றும் கேட்கவும் மாட்டார். அந்தக் கடைசி எண்ணத்தோடுதான் கரிகாலன் தொலைபேசியை மறுபடி காதில் வைத்தார்.

"தங்கச்சி," என்றார். "ஏலாது."

அந்தப் பக்கத்தில் அஜந்தா, இது கரிகாலன் அண்ணையின் தொலைபேசி எண்தானா என்று பார்த்திருக்க வேண்டும்.

"நிக்க ஏலாது. என்ரை மனிசிக்கு யூனிவெர்சிட்டி இருக்கு. சட்டை பத்திரமாய் என்னோடை வரும், ஞாயிற்றுக்கிழமை திரும்பேக்கை தாறன்."

வைத்துவிட்டு, சட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, மறு கையால் நிரோஜினியின் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடினார். நிரோஜினி ஓரடி பிந்தித்தான் ஓடத் தொடங்கினார். ஆச்சரியம் காலைப் பிடித்திருக்கும்.

கதவு மூடும் நேரத்தில் ஏறிவிட்டார்கள். கரிகாலன் பின்னால் திரும்பிப் பார்த்தார், கடையில் களவெடுத்து ஓடிவந்தவன் போல. ஐந்து நிமிடத்தில் தில்லைநாயகி பாரிஸிலிருந்து அழைத்தார். கரிகாலன் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்தார். அது அங்கேயே கிடந்து உறுமியது.

நிரோஜினி அதைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "தை மாசம் வரைக்கும் கடையும் பிள்ளையும் தனிய ஏலுமோ?" என்று கேட்டார்.

கரிகாலன் இந்தமுறை உடனே சொல்லவில்லை. கடையை நினைத்தார், சமையலை நினைத்தார், மகளின் வாயை நினைத்தார்.

"கஷ்டம்தான்," என்றார். "ஆனால் ஓம்."

நிரோஜினி தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "வாடின முருங்கைக்காயைக் கேக்கிற எல்லாருக்கும் சும்மா தூக்கிக் குடுக்காதேங்கோ," என்றார், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே வயல் போனது, ஆடுகள் போயின, மறுபடி வயல் போனது. ஒரு தமிழ்க் கடைப் பலகையும் காணோம்.

"இன்னும் வரேல்லையோ?" என்றார் கரிகாலன்.

"பாதிகூட வரேல்லை."

அவர் சட்டைப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கடலுக்கு இந்தப் பக்கம் இத்தனை இடம் இருக்கிறதா என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டே போனார்.